காகிதத் திசைகாட்டி

புதன்கிழமை காலை, கைதிகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பும் நேரத்தில், மூன்று நாளுக்கு முன் ஓடிப்போன ஓவன் காட்டிலிருந்து தவழ்ந்து வந்தான்.

"சீனாவுக்குப் போன துரை திரும்பி வந்துட்டாரு!" என்று சமையல்காரன் ஃபிளெட்சர் கத்தினான். "எங்கடா தேயிலை?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவன் வேலியோரம் முகம் குப்புற விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பாதங்களில் தோல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் ஓடிப் போனவன் சைலஸ் வார்ட். ஓவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, உதட்டை நனைத்துவிட்டுக் கேட்டான்:

"மாலக்கி எங்கே?"

"போறான்... இன்னும் போயிட்டேதான் இருக்கான்."

"டெனிஸ்?"

ஓவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஓடையோரமா பாறை இடுக்குல படுத்தான். எழுந்திருக்கல" என்றான். பிறகு சைலஸின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அதே பாறையை மூணு தடவை பார்த்தேன் சைலஸ். சத்தியமா! நான் சொன்னா மாலக்கி கேக்கல. காகிதம் பொய் சொல்லாதுன்னான். அவன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் வந்தேன்."

"காய்ச்சல்ல உளர்றான்" என்றான் ஃபிளெட்சர். காகிதம் என்ற சொல் சைலஸின் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தது.

இங்கிலாந்திலிருந்து எட்டு மாதம் கப்பலின் அடித்தளத்தில் கிடந்து, பூமியின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். இந்த நியூ சவுத் வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. யாரும் ஒரு வரைபடத்தைக் காட்டவும் இல்லை. ஆகவே அவர்களாகவே ஒன்றை நம்பிக்கொண்டார்கள். வடக்கே பத்து நாள் நடந்தால் பெரிய ஆறு ஒன்று வருமாம். அதைத் தாண்டினால் சீனாவாம்! அங்கே செம்பு நிறத்து மனிதர்கள் தேநீர் கொடுப்பார்களாம். யாரையும் விலங்கில் பூட்ட மாட்டார்களாம்.

சைலஸுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவன் நாரிச் நகரத்தில் கடைப்பலகைகளுக்கு எழுத்து எழுதிப் பிழைத்தவன். மனைவி நோயில் கிடந்தபோது முதலாளியின் அலமாரியிலிருந்து, எழுத்துகளின் மேல் ஒட்டும் தங்கத்தாள் வைத்த சிறு புத்தகம் ஒன்றைத் திருடினான். ஊதினால் பறந்துவிடும் இருபத்தைந்து தாள்கள். அதற்கு ஏழு வருடம். கப்பல் கிளம்புமுன்பே மனைவி இறந்த செய்தி வந்துவிட்டது.

பண்ணைக்கு வந்த முதல் வருடம் ஒருவன், "கப்பல்ல மாலுமிங்க வச்சிருந்தாங்களே, திசைகாட்டி, அது மாதிரி ஒண்ணு வரைஞ்சு தாயேன்" என்று கேட்டான். சைலஸ் வரைந்து கொடுத்தான். வட்டம், அதற்குள் முப்பத்திரண்டு முனைகள், வடக்கே ஒரு அல்லிப்பூ. கை அந்த வேலைக்கு ஏங்கிப் போயிருந்தது, அழகாக வந்தது. கேட்டவன் ஒரு கிள்ளு புகையிலை கொடுத்தான். பிறகு வேறொருவன் வந்தான். இப்படி ஒன்பது காகிதங்கள்!

"இதை வச்சு எப்படிப் போறது?" என்று கேட்டால் ஊரில் சிறு வயதில் கற்றதைச் சொல்வான். "காலையில சூரியன் பக்கம் கிழக்கு எழுத்தைத் திருப்பு. உச்சியில சூரியன் நிக்கிற பக்கம் தெற்கு எழுத்தைத் திருப்பு. அல்லிப்பூ காட்டுற பக்கம் நட." அது வெறும் படம் என்று அவனுக்குத் தெரியும். யார் உண்மையில் போகப் போகிறார்கள், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கட்டுமே என்று நினைத்தான்.

மாலக்கி ரூனி கேட்டபோது மட்டும் வரைய மறுத்துவிட்டான். கப்பலில் இருவர் காலும் ஒரே விலங்கில் இருந்தன. சங்கிலி குட்டை. ஒருவன் காலை நீட்டினால் மற்றவன் மடக்கியாக வேண்டும். சைலஸ் காய்ச்சலில் கிடந்த முப்பது நாளும் அந்த ஐரிஷ்காரன் தன் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினான். அப்படிப்பட்டவனிடம் பொய்யை எப்படி விற்பது? "உனக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னான் சைலஸ். ஏன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும், புகையிலை போய்விடும். வாயை மூடிக்கொண்டான்.

மாலக்கி தன் ஒரே போர்வையைக் கொடுத்து வேறொருவனிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவனும் டெனிஸும் ஓவனும் கிளம்பிவிட்டார்கள்.

சைலஸ் நேரே கண்காணி ஹார்கஸ் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, மாலக்கியைத் தேடிக் கூட்டிட்டு வர அனுமதி குடுங்க."

"தேடப் போறியா, நீயும் தேநீர் குடிக்கப் போறியா?"

"கூட்டிட்டு வந்துடுவேன் ஐயா. நான் போகலேன்னா செத்துடுவான்."

ஹார்கஸ் தாடையைச் சொறிந்தார். கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். "ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு முன்னால பேர் கூப்பிடுவேன். ரெண்டு பேரும் 'இருக்கேன்'னு சொல்லணும். சொல்லலேன்னா ரெண்டு பேரும் ஓடிப்போனவங்க. அப்புறம் சிப்பாய்ங்க வருவாங்க. அவங்க கையில ரொட்டி இருக்காது, துப்பாக்கி இருக்கும். புரியுதா?"

"படகு இல்லாம இவன் அவனை எப்படித் தூக்கிட்டு வருவான் ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் கூடப் போறேன்."

சேகனா! நாகூர்க்காரன், பாய்மரம் ஏறும் மாலுமி. மதராஸ் பட்டணத்திலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலில் கால் முறிந்ததால், கப்பல்தலைவன் அவனை இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஊருக்குப் போகும் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு, பண்ணைக்கு மூட்டை கொண்டுவரும் படகை ஓட்டிக்கொண்டிருந்தான். சைலஸ் வயதுதான் இருக்கும். ஒரு கால் சற்றுச் சாய்வாக விழும். கப்பல்காரர்களின் உடைந்த ஆங்கிலம்தான் பேசுவான். ஆனால் அதில் அவன் சொல்லாதது ஒன்றுமில்லை.

வியாழன் விடியலில் படகு நகர்ந்தது. இருவரும் துடுப்புப் போட்டார்கள். ஆற்றின் இரு கரையிலும் பட்டை உரிந்த வெள்ளை மரங்கள். தலைக்கு மேல் வெள்ளைக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின.

"சேகனா, நீ எதுக்கு வந்தே? மாலக்கி உனக்கு யாரு?"

"கால் ஒடிஞ்சு கிடந்தப்போ என்னை முதுகுல தூக்கிட்டுப் போய் வெளிக்கு இருக்க வச்சது யாரு, உங்க அரசாங்கமா?" என்றான் சேகனா. "துடுப்பைப் போடு. பேசினா படகு போகாது."

மாலைக்குள் அருவி குறுக்கே வந்தது. அதற்கு மேல் படகு ஏறாது. கரையில் கட்டிப்போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை நடக்கத் தொடங்கினார்கள். ஓவன் சொன்ன ஓடையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பாறைகள் வழுக்கின. முட்செடிகள் சட்டையைக் கிழித்தன. ஓரிடத்தில் ஓடை செங்குத்தான பாறைக்கு அடியில் புகுந்து மறைந்தது. பக்கவாட்டில் ஒரு முழ அகலத்தில் விளிம்பு மட்டும்தான்!

"கீழே பார்க்காதே!" சேகனா இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைத் தன் மேலும் மறுமுனையைச் சைலஸ் மேலும் கட்டினான். "என் குதிகாலை மட்டும் பாரு."

"நீ விழுந்தா?"

"உன்னையும் இழுத்துட்டுப் போவேன். தனியா எதுக்குச் சாகணும்?"

பாதி தூரத்தில் சைலஸின் காலடியில் கல் பெயர்ந்தது. உடல் ஒரு பக்கமாகச் சரிந்தது! கயிறு விறைத்தது. சேகனா பாறையில் முளைத்திருந்த வேரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தான். "ஏறு! ஏறுப்பா! என் கால் ஏற்கெனவே ஒருதரம் ஒடிஞ்ச கால்!" சைலஸ் விரல்நுனியால் விளிம்பைப் பற்றி ஏறினான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் பாறையில் மல்லாந்து விழுந்தார்கள்.

பள்ளத்தாக்கு அங்கே தொடங்கியது. இரு பக்கமும் மஞ்சள் பாறைச் சுவர்கள். அதன் வாயிலேயே டெனிஸ் கிடைத்தான்.

பாறை இடுக்கில் பக்கவாட்டில் படுத்திருந்தான். யாரோ அவன் முகத்தின் மேல் பெரணி இலைகளைப் போட்டு மூடியிருந்தார்கள். அது மாலக்கியாகத்தான் இருக்கும். சைலஸ் இலைகளை விலக்கிப் பார்த்தான். இருபத்திரண்டு வயது முகம்.

மண் கடினமாக இருந்தது. கற்களை அடுக்கி மூடினார்கள். சைலஸ் ஜெபம் சொல்லத் தொடங்கி, "ஆண்டவரே" என்பதோடு நின்றுபோனான். மேலே சொல்ல வாய் வரவில்லை. சேகனா சற்றுத் தள்ளி நின்று, கைகளை ஏந்தித் தன் முறையில் ஓதினான்.

"என்னால சொல்ல முடியாது" என்றான் சைலஸ். "இவனைக் கொன்னது நான். அந்தக் காகிதத்தை நான்தான் வரைஞ்சேன். பொய்யின்னு தெரிஞ்சே வரைஞ்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பண்ணையில வேற யாருக்கு அவ்வளவு அழகாப் பூ வரையத் தெரியும்?" சேகனா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். "எனக்கும் ஒண்ணு தெரியும். சீனா எங்கே இருக்குன்னு. நான் போயிருக்கேன், ரெண்டு தடவை. கப்பல்ல போனாலே மாசக்கணக்கா ஆகும், நடுவுல பூரா கடல். நடந்து போற ஊர் இல்லை அது."

"அப்போ நீ இவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். சிரிச்சாங்க. திரும்பச் சொன்னேன். அப்போ இதோ இவன், டெனிஸ், அழுதான். அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல." அவன் கற்குவியலைப் பார்த்தான். "அழட்டும்னு விட்டுச் சொல்லியிருக்கணும்."

இருவரும் சேர்ந்து சைலஸ் விட்ட ஜெபத்தை முடித்தார்கள். சேகனாவுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. முடிவில் "ஆமீன்" மட்டும் சொன்னான். அது இருவருக்கும் பொதுவாக இருந்தது.

"இனி எவ்வளவு தூரம் போயிருப்பான்?" சைலஸ் வடக்கே, நீல மலை வரிசையைப் பார்த்தான். "அஞ்சு நாள் நடை. அந்த மலையையும் தாண்டியிருப்பான். நாளைக்குள்ள எப்படிப் பிடிக்கறது?"

சேகனா பதில் சொல்ல வாயைத் திறந்தவன், மூக்கைச் சுளித்தான். "புகை!"

ஓடையின் வளைவில் சிறு நெருப்பு. அதன் அருகே அந்த மண்ணின் மக்கள் இருவர், நடுவயதுப் பெண்ணும் அவள் கணவனும், சாம்பலில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களைக் கண்டதும் கணவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். சைலஸ் உறைந்து நின்றான். சேகனா இடுப்புக் கத்தியைக் கழற்றித் தரையில் வைத்தான். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதன் பக்கத்தில் வைத்தான். அந்த மனிதன் ரொட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான். ஈட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

சைலஸ் சைகை செய்தான். உயரமான ஆள், தாடி இவ்வளவு, சிவப்பாக.

அந்தப் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். எழுந்து நின்றாள். ஒரு மரப்பட்டையை எடுத்து முகத்துக்கு நேரே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதையே உற்றுப் பார்த்தபடி பள்ளத்தாக்கின் மேல்பக்கம் விறைப்பாக நடந்தாள். மாலக்கியேதான்! பத்தடி போனதும் நின்றாள். தலையைத் தூக்கி வானத்தைக் கண் கூசப் பார்த்தாள். பட்டையைத் திருப்பினாள். அவளும் அப்படியே திரும்பினாள். வந்த வழியே விறைப்பாகக் கீழே நடந்தாள். மறுபடி நின்றாள், தலைக்குக் கீழே கை வைத்துத் தூங்கினாள், எழுந்தாள், மேலே நடந்தாள், வானத்தைப் பார்த்தாள், திரும்பினாள், கீழே நடந்தாள். கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சைலஸும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். உடனே அவன் முகம் வெளுத்தது.

"அதே பாறையை மூணு தடவை... ஓவன் உளறல. ஆனா ஏன்? ஏன் திரும்பறான்?"

"காகிதத்தை எப்படிப் பிடிக்கணும்னு சொன்னே?" என்று சேகனா கேட்டான்.

"காலையில சூரியன் பக்கம் கிழக்கு. உச்சியில சூரியன் பக்கம் தெற்கு."

"தெற்கா?" சேகனா குதித்து எழுந்தான். "அட மனுஷா! எங்க ஊர்ல உச்சிச் சூரியன் சில மாசம் தெற்கே சாயும், சில மாசம் வடக்கே சாயும். பூமியோட நடுக்கோட்டைத் தாண்டி இவ்வளவு கீழே வந்துட்டா வருஷம் பூரா வடக்கேதான் நிக்கும். கப்பல்ல தினமும் பார்த்தேனே! உங்க இங்கிலாந்துச் சூரியனை நீ இங்கே மாட்டியிருக்கே!"

சைலஸ் வானத்தைப் பார்த்தான். மூன்று வருடமாக இந்தச் சூரியனுக்குக் கீழே மண் வெட்டுகிறான். ஒருநாள்கூட அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனித்ததில்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. முதல் நாள் ஆற்றையும் ஓடையையும் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், இந்தப் பள்ளத்தாக்கில்தான் காகிதத்தை எடுத்திருக்கிறார்கள். காலையில் மாலக்கி சரியாக வடக்கே நடக்கிறான். உச்சியில் காகிதம் அவனைத் தெற்கே திருப்புகிறது. மேற்குச் சுவர் உயரம்; உச்சி சாய்ந்த சற்று நேரத்தில் சூரியன் மறைந்துவிடும்; அதனால் இருட்டும்வரை அதே பக்கம் நடக்கிறான். மறுநாள் மறுபடி வடக்கே. மலைக்கு அப்பால் எங்கும் போகவில்லை. இந்த ஒரே பள்ளத்தாக்கில், ஐந்து நாளாக!

"அப்போ தேட வேணாம்" என்றான் சேகனா. "உட்கார்ந்தா அவனே வருவான்."

அந்தப் பெண் சுட்ட கிழங்குகளில் நான்கை ஓர் இலையில் வைத்து எடுத்துக்கொண்டு, அவர்களை வரச் சொல்லிக் கைகாட்டினாள். ஓடைக்கு மேலே தட்டையான பாறை. அதில் பழைய இலைகள் சில காய்ந்து கிடந்தன. அவள் கிழங்குகளைப் பாறையில் வைத்தாள், மரப்பட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பது போல ஒருதரம் செய்து காட்டினாள், போய்விட்டாள்.

அந்தப் பைத்தியக்கார வெள்ளையன் எங்கே போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. பசித்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் வைத்திருக்கிறாள். கடவுளின் கருணை சில நேரம் பெயர்கூடச் சொல்லாமல் வந்து, பாறையில் கிழங்கை வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

சனிக்கிழமை காலை, சுவரின் மேல் வெளிச்சம் ஏறியதும், கீழே சருகுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. மாலக்கி வந்தான். சட்டை நாராகத் தொங்கியது. கண்கள் குழிந்திருந்தன. இரு கைகளாலும் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். வாய் ஏதோ முணுமுணுத்தது. பாறையருகே நின்று நிமிர்ந்தான். அவன் கண்ணில் முதலில் பட்டவன் சேகனா.

மாலக்கியின் முகம் மலர்ந்தது. வெடித்த உதடுகள் சிரித்தன. அப்படியே முழங்காலில் விழுந்தான்.

"வந்துட்டேன்!" என்று அழுதான். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! ஐயா, சீனாக்கார ஐயா, நான் மாலக்கி ரூனி. ஒரு கெட்ட எண்ணமும் இல்லீங்க. வேலை என்ன குடுத்தாலும் செய்யறேன். எங்க ஊர் கார்க் பட்டணத்துக்குக் கப்பல் வர்றவரைக்கும் இருந்துக்கிறேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க ஐயா..."

காய்ச்சலில் இருந்த கண்களுக்குச் சேகனாவை அடையாளம் தெரியவில்லை. செம்பு நிறம் மட்டும் தெரிந்தது. சேகனா அவனைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர்க் குடுவையை வாயில் வைத்தான். திரும்பிச் சைலஸைப் பார்த்தான். 'நீ சொல்' என்றது அந்தப் பார்வை.

சும்மா இருந்துவிட்டால் போதும். சீனா என்று நம்பியபடியே அவனைப் படகு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். சைலஸ் அதையும் நினைத்தான். பிறகு கற்குவியலை நினைத்தான்.

"மாலக்கி. நான் சைலஸ். இது சீனா இல்லை."

"சைலஸா? நீயும் வந்துட்டியா?"

"இது சீனா இல்லைடா. நீ ஒரு மலையையும் தாண்டல. பண்ணையிலேருந்து ஒரு நாள் நடை தூரத்துலதான் இருக்கே. அந்தக் காகிதம் பொய். நான்தான் வரைஞ்சேன். வரையறப்போவே பொய்யின்னு எனக்குத் தெரியும்."

"ஆறு மலை தாண்டினேனே" என்றான் மாலக்கி மெதுவாக.

"ஒரே பள்ளம். ஆறு தடவை."

அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவனின் முஷ்டி சைலஸின் வாயில் வந்து விழுந்தது. இன்னொன்று. மூன்றாவதற்குக் கை எழவில்லை. சைலஸ் தடுக்கவில்லை. உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

"எழுந்திரு, போகலாம். நாளைக்குப் பேர் கூப்பிடறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"எதுக்கு?" என்றான் மாலக்கி. "உனக்கு ஏழு வருஷம் சைலஸ். மூணு போயிடுச்சு. எனக்கு ஆயுசு பூரா. உனக்குச் சீனா தேவையில்லை. எனக்கு இருந்தது. அதை எதுக்குடா எடுத்துக்கிட்டே?"

மாலக்கி எழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறையில் படுத்துவிட்டான். சைலஸ் குனிந்து அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். ஒரு கோணிப்பையின் பாரம்கூட இல்லை.

"சீக்கிரம்!" என்றான் சேகனா. "வெயில் இருக்கும்போதே விளிம்பைத் தாண்டணும்!"

விளிம்பில் மாலக்கியைச் சைலஸின் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான் சேகனா. தான் முன்னால், அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நகர்ந்து, "வலது கால் இங்கே. இடது கால் அங்கே. நில்லு. மூச்சு விடு" என்று ஒவ்வொரு அடிக்கும் இடம் காட்டினான். நடுவில் சைலஸின் கால் ஒருதரம் வழுக்கியது. அப்போது அவன் கழுத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்த மாலக்கியின் கைகள் மெல்ல இறுகின.

பொழுது சாயும்போது படகு தெரிந்தது. ஆற்றின் ஓட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. இரவு முழுவதும் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

ஞாயிறு காலை, வரிசையில் நின்றவர்களின் பெயர்களை ஹார்கஸ் படித்துக்கொண்டிருந்தார். வேலி வாசலில் மூன்று பேர் தள்ளாடி வந்தார்கள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஹார்கஸ் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு முன்பைவிட மெதுவாகப் படித்தார். "மாலக்கி ரூனி."

சைலஸின் தோளில் சாய்ந்திருந்தவனிடமிருந்து ஈனக்குரல் வந்தது: "இருக்கேன்."

ஆரவாரம் கிளம்பியது! ஃபிளெட்சர் கரண்டியால் அண்டாவைத் தட்டினான். ஓவன் குடிசை வாசலில் உட்கார்ந்தபடி விம்மினான். "சைலஸ் வார்ட்!" என்று ஹார்கஸ் கூப்பிட்டதும் சைலஸ், "இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கவில்லை. மாலக்கியைச் சேகனாவிடம் விட்டு வரிசைக்கு முன்னால் வந்தான். கசங்கிய அந்தக் காகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான்.

"இதை வரைஞ்சது நான். ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். இது பொய். இந்த ஊர்ல உச்சிச் சூரியன் வடக்கே நிக்குது. இதை நம்பி நடந்தவன் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல நடப்பான். சீனா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. நடந்து போக முடியாது. டெனிஸ் செத்துட்டான். இனி யாரும் போகாதீங்க."

ஆரவாரம் அணைந்துவிட்டது. வரிசையில் ஒருவன் சட்டைக்குள் கையை விட்டு எதையோ கசக்கினான். இன்னொருவன் தரையில் காறித் துப்பினான்.

திங்களன்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஓடிப்போனவன் உயிர் போகும் நிலையில் இருப்பதால் அவனுக்கு அடி இல்லை. ஓடத் தூண்டியவனுக்கு ஐம்பது கசையடி. சைலஸ் அதை மரத்தைக் கட்டிக்கொண்டு வாங்கினான். அடுத்த மாதம் சேகனாவுக்குக் கப்பல் கிடைத்தது. புறப்படும்போது, "பலகை எழுதறவனே, இனிமே சரியா எழுது" என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டான். முதுகில் கை படாமல் பார்த்துக்கொண்டான்.

அதன்பிறகு யாரும் சைலஸிடம் பேசவில்லை. அவன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் நகர்ந்தார்கள். அவர்களிடமிருந்த ஒரே ஊரை அவன் பறித்துவிட்டான். மாலக்கி பிழைத்து எழுந்து நடமாடினான், அவனும் பேசவில்லை. சைலஸ் யாரையும் குறை சொல்லவில்லை. பொய்யை விற்றபோது எல்லோரும் அன்பாக இருந்தார்கள்; உண்மையைச் சொன்னதும் தனியனானான். ஆனால் இரவில் ஜெபம் சொல்ல அவன் வாய் மறுபடி திறந்தது.

குளிர்காலத்தில் அவனை மரம் அறுக்கும் குழியில் போட்டார்கள். பெரிய மரத்தைக் குழியின் குறுக்கே கிடத்தி, ஒருவன் மேலே நின்றும் ஒருவன் குழிக்குள் நின்றும் இரண்டு ஆள் ரம்பத்தை இழுக்க வேண்டும். குழிக்குள் நிற்பவன் கண்ணிலும் வாயிலும் நாள் முழுவதும் மரத்தூள் கொட்டும். அவனோடு ஜோடி சேர ஒருவனும் வரவில்லை. சைலஸ் மேலே தனியாக ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கண்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் யாரோ குழிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கீழ்ப்பிடியை ஒரு கை பற்றியது. சைலஸ் குனிந்து பார்த்தான். சிவந்த தாடி தெரிந்தது. மாலக்கி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இழு" என்றான்.